மூன்று குப்பி ரோஜா

காலை ஆறு மணிக்கு மாமா படியிறங்கி வருவார். கீழே அத்தர் கடை, மேலே வீடு, நடுவில் பதினான்கு படி. பின் ஜன்னலைத் திறந்து, நேற்றைய வாசம் வெளியேறும்வரை கால் மணி நேரம் நிற்பார். பிறகு மூக்கைச் சிந்துவார். இடது துளை, வலது துளை, மறுபடி இடது. தெருவில் அவருக்கு 'மூக்கு' என்று பெயர். அது அவருக்கும் தெரியும். கொஞ்சம் பெருமைகூட. பிறகு மாடியைப் பார்த்துக் குரல் கொடுப்பார்.

"கை வரட்டும்."

கை வரும்.

பதினான்கு வருடம் என் மனைவியின் கை வந்தது. அதற்குப் பின் ஏழு வாரம் அவள் தங்கை சின்னவளின் கை வந்தது. ஆள் மாறியது வீட்டில் யாரையும் உறுத்தவில்லை. பலகையில் விரித்திருந்த வெள்ளைத் துணியைக்கூட அவர்கள் மாற்றவில்லை.

சின்னவள் முக்காலியில் உட்கார்ந்து இடது கையைப் பலகைமேல் நீட்டுவாள். மாமா மணிக்கட்டிலிருந்து முழங்கை மடிப்புவரை பேனாவால் ஐந்து புள்ளி வைப்பார். ஒரு புள்ளிக்கு ஒரு குப்பி. கண்ணாடிக் குச்சியால் ஒரு சொட்டு. உடனே ஒரு முறை முகர்வார். பத்து நிமிடம் கழித்து ஒரு முறை, ஒரு மணி நேரம் கழித்து ஒரு முறை, மதியம், சாயங்காலம். இடையில் அந்தக் கை வேர்க்கக் கூடாது, நனையக் கூடாது, அடுப்படிப் பக்கம் போகக் கூடாது. கைக்குச் சொந்தக்காரி வேறு என்ன செய்யலாம் என்றால், உட்கார்ந்திருக்கலாம்.

காகிதத்தில் தொட்டு முகர்ந்தால் எண்ணெய் மட்டும்தான் தெரியும். தோலில் பட்டால்தான் அது என்னவாக மாறும் என்பது தெரியும். இது பொய்யில்லை. ஒரே ரோஜாவை மச்சான் கையில் விட்டால் அரை மணியில் சர்க்கரைப் பாகு. மாமாவின் கை முப்பது வருட எண்ணெயில் ஊறியது. அதில் எதையும் பிரித்து அறிய முடியாது. அத்தையின் கை சமைக்கிற கை என்று விட்டுவிட்டார்கள். என் கையில் ஒரு முறை போட்டுப் பார்த்தார்கள். பத்து நிமிடத்தில் ரோஜா துருப்பிடித்த ஆணி ஆகிவிட்டது.

"மாப்ளைக்குப் படிப்பு ஏறின அளவுக்கு வாசம் ஏறல" என்றான் மச்சான். அவனுக்கு இரண்டுமே ஏறியதில்லை.

என் மனைவியின் கையில் மட்டும் ரோஜா ரோஜாவாக இருந்தது. முதலில் காம்பு ஒடித்த பச்சை. பத்து நிமிடத்தில் பூ. ஒரு மணி நேரத்தில் பூவுக்குப் பின்னால் வெள்ளரிக்காய் நறுக்கியதுபோல லேசான குளிர்ச்சி. சாயங்காலம் எல்லாம் போய்ச் சந்தனம் மட்டும் மிஞ்சும், அதுவும் வெதுவெதுப்பாக, தூங்கி எழுந்தவளின் கழுத்துபோல. மல்லிகை, வெட்டிவேர், தாழம்பூ, எதை விட்டாலும் அதன் நல்ல பக்கத்தை மட்டும் எடுத்துக் காட்டுகிற தோல். அத்தர் கடைக்காரனுக்கு இதைவிட ஆபத்தான மகள் கிடையாது. மாமாவுக்கு அது விளங்கவில்லை.

"எம் பொண்ணு தோல் பொய் சொல்லாது" என்பார்.

அவருடைய கலவைகள் அத்தனையும் அந்த ஒரு கைக்குப் பொருந்தச் செய்தவை. வாங்கிப் போனவர்களுக்கு வேறு கை இருந்தது. ஒரு முறை ஒரு டீச்சர் குப்பியைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"என்னங்க இது? கடையில பூ மாதிரி இருந்துச்சு. வீட்டுக்குப் போறதுக்குள்ள ஈரத்துணி மாதிரி நாறுது."

"எண்ணெயில குத்தம் இல்லம்மா. எங்க பொண்ணு கைய மோந்து பாருங்க."

டீச்சர் முகர்ந்தார். "இது நல்லாத்தான் இருக்கு."

"பாத்தீங்களா? உங்க தோல்தான் சரியில்ல."

"அப்ப நான் ஸ்கூலுக்குப் போறப்ப உங்க பொண்ணு கையையும் கூட்டிட்டுப் போகட்டுமா?"

என் மனைவி சிரித்துவிட்டாள். சிரித்தால் கை ஆடும். மாமா முறைத்தார்.

அந்தக் கைக்குச் சட்டங்கள் உண்டு. பதின்மூன்று வயதிலிருந்து அவளுடைய இடது கையில் சோப்பு பட்டதில்லை. பூண்டு, வெங்காயம், எண்ணெயில் பொரித்தது எதுவும் சாப்பிடக் கூடாது. முக்கியமாக மாத்திரை கூடாது. அது தோலில் வந்துவிடும். காய்ச்சல் என்றால் போர்த்திக்கொண்டு படுக்க வேண்டியதுதான். கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை, தப்பா எடுத்துக்காதீங்க. அவளுக்கு இடது பக்கம் படுக்காதீங்க."

"ஏன் அத்தை?"

"உங்க வேர்வை ஒட்டிக்கும்."

நான்கு வருடம் வலது பக்கம் படுத்தேன். யாரும் வந்து பார்க்கப்போவதில்லை. இருந்தும் படுத்தேன். நான் வேதியியல் பட்டதாரி. அந்தக் கடையில் என் வேலை குப்பிக்குப் பெயர் ஒட்டுவதும் கடிதம் எழுதுவதும்.

போன வருடம் வெயில் காலம் தணிகிற நேரத்தில் ஒரு நாள் ரோஜா புளித்தது. ஒரு மணி நேரம் கழித்து முகர்ந்த மாமா தலையைப் பின்னுக்கு இழுத்தார்.

"புளிக்குதே."

மச்சானும் குனிந்து முகர்ந்தான். "ஆமாப்பா. திரிஞ்ச பால் மாதிரி."

"ரெண்டு நாளா வாயே சரியில்லப்பா" என்றாள் அவள். "காலு வேற வீங்குது."

"உக்காந்தே இருந்தா வீங்கத்தான் செய்யும். நீ சும்மா இரு. சரக்கு கெட்டுப்போச்சு." என் பக்கம் திரும்பினார். "மாப்பிள்ளை, தைலக்காரருக்கு ஒரு லெட்டர் எழுதுங்க."

தைலக்காரர் பூவைக் காய்ச்சி எண்ணெய் எடுத்து எங்களுக்கு அனுப்புகிறவர். எழுதினேன். காற்றுப் பட்டு அமிலமாகியிருக்கலாம் என்று காரணம் சொன்னதும் நான்தான். கல்லூரியில் அதற்கு நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். "அமிலம்னு நல்லாப் போடுங்க, பயப்படட்டும்" என்றார் மாமா. குப்பி திரும்பிப் போனது. புதுக் குப்பி வந்தது. மூன்று மாதம் கழித்து அதுவும் புளித்தது. இன்னொரு கடிதம். மூன்றாவது குப்பி புளிக்கவில்லை. ரோஜாவுக்கு அடியிலிருந்து நவச்சார நெடி, அம்மோனியா நெடி, ஏறியது. அந்த நெடி உடம்பில் எங்கிருந்து வரும் என்று பாடத்தில் படித்தவன் நான். கடிதத்தில் 'விரும்பத்தகாத கார நெடி' என்று எழுதி, கீழே கடை முத்திரை குத்தினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். "எப்ப இருந்து இப்படி?"

"ரெண்டு வாரமாத்தாங்க" என்றார் மாமா.

நான் வாயைத் திறக்கவில்லை. மூன்று கடிதங்களின் நகலும் கடை அலமாரியில் இருந்தன, என் கையெழுத்தில், தேதியோடு. முதல் தேதி எட்டு மாதம் முந்தியது. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன என்று டாக்டர் சொன்னார். ஆறு மாதம் முன்னால் கூட்டி வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்றார். மாமா தலையாட்டினார். வீட்டுக்கு வந்து, இந்த வருடம் ரோஜாவே சரியில்லை என்று மச்சானிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் சொல்லவந்தது அவள் போய் ஏழு வாரம் கழிந்த அந்த ஒரு நாளைப் பற்றி.

அன்று தைலக்காரர் துக்கம் கேட்க வருவதாகச் சொல்லியிருந்தார். காலையில் சின்னவள் படியில் என்னை மறித்தாள். தாடையின் ஒரு பக்கம் எலுமிச்சம்பழம் வைத்ததுபோல வீங்கியிருந்தது.

"அத்தான், ஒரு மாத்திரை வாங்கிக் குடுங்களேன். மூணு நாளாத் தூங்கல."

அடுப்படியிலிருந்து அத்தைக்குக் கேட்டுவிட்டது. "மாத்திரை வேணாம்டி. இப்பத்தான் உன் கை பழகி வருது. கிராம்பு வச்சுக் கடிச்சுக்க."

"கிராம்பு வாசம் வருதுன்னு அப்பா திட்டுறாரு."

"அப்ப வெந்நீர் கொப்புளி."

"வெந்நீர்ல வேர்க்குதுன்னு அதுக்கும் திட்டுறாரு."

"அப்ப என்னதான்டி பண்ணச் சொல்ற?"

"பல்ல வேணா கழட்டி உங்க கையில குடுத்துடட்டுமா?"

கீழே குரல் வந்தது. "கை வரட்டும்."

கை போனது. மாமா மல்லிகையை விட்டார். பத்து நிமிடம் கழித்து முகர்ந்தார். முகம் சுருங்கியது. மறுபடி முகர்ந்தார். மச்சானைக் கூப்பிட்டார். அவனும் வழக்கம்போல அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் முகத்தைச் சுருக்கினான்.

"முடி கருகின மாதிரி இல்ல?"

"அதேதாம்பா. முடிதான்."

"ரோஜா போச்சு, இப்ப மல்லிகையுமா? அந்த ஆளு இன்னிக்கு வரட்டும், கையிலயே குடுத்துடலாம். மாப்பிள்ளை, லெட்டர் எழுதுங்க."

பேனாவைத் திறந்தேன். பழக்கத்தில் கை தேதியைப் போட்டுவிட்டது. சின்னவள் தாடையை வலது உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு, இடது கை ஆடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பேனாவை மூடினேன்.

"எழுதல மாமா."

"என்னது எழுதல?"

"லெட்டர்."

"என்ன மாப்ள, உடம்பு சரியில்லையா?" என்றான் மச்சான்.

"எனக்கு நல்லாத்தான் இருக்கு. அவளுக்குப் பல் வீங்கியிருக்கு. டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போகணும்."

"பல்லுக்கும் மல்லிகைக்கும் என்னங்க சம்பந்தம்?" என்றார் மாமா. அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே கேட்டார். முப்பது வருடம் தோலை முகர்ந்தவர்.

அதற்கு மேல் பேசுவதற்குள் தைலக்காரர் வந்துவிட்டார். பருத்த உடம்பு, கை முழுக்கச் சூடுபட்ட தழும்பு. அவர்மேல் பூவாசமே கிடையாது. புகையும் வேகவைத்த தண்ணீருமாக மணந்தார். துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அத்தை டீ கொண்டுவந்து வைத்தார்.

"சேதி கேட்டதும் வந்திருக்கணும். பூ வர்ற நேரம். அடுப்ப விட்டு நகர முடியல."

"அதனால என்னங்க." மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கடைசி வரைக்கும் கடை நெனப்புதாங்க அவளுக்கு. 'அப்பா, கடையப் பாத்துக்குங்க'ன்னா. அதுதான் கடைசி வார்த்தை."

"இல்லங்க, 'அம்மா'ன்னு ஒரு தடவ கூப்பிட்டா" என்றார் அத்தை. "அதுக்கப்புறம்தான் பேச்சு நின்னுச்சு."

"என்னையும் கேட்டா" என்றான் மச்சான். தனக்கும் ஒரு பங்கு வேண்டுமே.

அவள் கடைசியாகப் பேசியபோது இவர்களில் ஒருவரும் அந்த அறையில் இல்லை.

தைலக்காரர் டீயை ஓரமாக நகர்த்தினார். பிறகு பையிலிருந்து மூன்று குப்பிகளை எடுத்துப் பலகைமேல் வரிசையாக வைத்தார். மூன்றிலும் நான் ஒட்டிய சீட்டு.

"தப்பா நெனைக்காதீங்க. இந்த நேரத்துல எடுக்கக் கூடாதுதான். நீங்க திருப்பி அனுப்பின மூணு குப்பி. நான் இத யாருக்கும் விக்கல. புளிக்குதுன்னு எனக்கு ஒருத்தர் எழுதினது இதுதான் மொதல் தடவ. பாத்திரத்த மாத்தினேன். பூக்காரனோட சண்ட போட்டேன். எம் பொண்டாட்டி கையில போட்டேன், மருமக கையில போட்டேன், தபால்காரர் கையில கூடப் போட்டேன்."

"தபால்காரருக்கு எப்படி இருந்துச்சு?" என்றான் மச்சான்.

"ரோஜாவா இருந்துச்சு. அவரு வீட்லதான் அன்னிக்குப் பெரிய சண்ட."

சின்னவள் சிரிக்கப் பார்த்து, வலியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப எங்க மூக்கு பொய் சொல்லுதுங்கிறீங்களா?" என்றார் மாமா.

"வம்புக்கு வரலீங்க. இங்க வச்சே ஒரு தடவ பாத்துடுவோம். எம் மனசு ஆறட்டும்."

சின்னவளின் கையில் மல்லிகை இருந்தது. மச்சான் கை பாகு. என் கை இரும்பு. தைலக்காரர் சுற்றிப் பார்த்தார். "அம்மா, நீங்க நீட்டுங்க."

அத்தை பதறினார். "ஐயோ, இது சமைக்கிற கைங்க. வெங்காய வாடை."

"வெங்காயத்தையும் தாண்டி வந்தாத்தாம்மா அது ரோஜா."

அத்தை கையை முந்தானையில் மூன்று தடவை துடைத்துவிட்டுப் பலகைமேல் வைத்தார். கல்யாணமாகி முப்பது வருடத்தில் அந்தப் பலகையில் அவர் கை பட்டது அதுதான் முதல் முறை. எப்படி வைப்பதென்று தெரியாமல் உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்தார். தைலக்காரரே திருப்பிவிட்டு மூன்று சொட்டு விட்டார்.

ஒரு மணி நேரம். வாசம் கலையும் என்பதால் கடையில் மின்விசிறி கிடையாது. எல்லோருக்கும் வேர்த்தது. ஒரு ஈ மூன்றாவது குப்பியின் வாயைச் சுற்றிவிட்டுப் போனது. மாமா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் ஆனதும் குனிந்து முகர்ந்தார். ஒன்று, இரண்டு, மூன்று. முகம் சுருங்கவில்லை. மச்சானுக்கு எந்த முகம் வைப்பதென்று தெரியவில்லை.

நானும் முகர்ந்தேன். மூன்றும் ரோஜா. வெங்காயம் எங்கோ தூரத்தில் இருந்தது. கார நெடி என்று நான் எழுதிய குப்பிதான் மூன்றிலும் நல்லது.

அத்தை தன் கையைத் தானே தூக்கி முகர்ந்தார். மூன்றாவது புள்ளியிலேயே மூக்கை வைத்துக்கொண்டிருந்தார்.

"இது அவ மாதிரியே இருக்கு" என்றார். "அவ நல்லா இருந்தப்ப இருந்த மாதிரி." பிறகு மாமாவைப் பார்த்தார். "அப்ப அவ கையில மட்டும் ஏங்க புளிச்சுச்சு?"

மாமா குப்பியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"அவளுக்குச் சிறுநீரகம் கெட்டுக்கிட்டு வந்துச்சு அத்தை" என்றேன். "அது தோல்ல வந்துச்சு. எட்டு மாசமா வந்துச்சு. நாம எண்ணெயத் திருப்பி அனுப்பினோம். லெட்டர் எழுதினது நான்."

மாமா மூன்றாவது குப்பியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நான் காத்திருந்தேன். அவர் அழுவார் என்றோ, என்னை அடிப்பார் என்றோ நினைத்தேன். அந்த வீட்டைப் பற்றி அப்போதும் எனக்கு நல்ல எண்ணம் மிச்சமிருந்திருக்கிறது.

"சரக்கு நல்ல சரக்குதான்" என்றார். "வச்சதுல இன்னும் கூடியிருக்கு. மூணையும் குடுத்துட்டுப் போங்க."

தைலக்காரர் அவரையே பார்த்தார். பிறகு குப்பியை அவர் கையிலிருந்து வாங்கி, மற்ற இரண்டோடு பையில் போட்டார்.

"நான் விக்க வரல" என்றார். அத்தையைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு இறங்கிப் போனார். டீ ஆடை கட்டிக் கிடந்தது.

சின்னவள் முக்காலியிலிருந்து எழுந்தாள்.

"எங்க எழுந்திரிக்கிற? மதியம் மோந்து பாக்கணும்" என்றார் மாமா.

அவள் பின்கட்டுக் குழாயடிக்குப் போனாள். துணி துவைக்கிற சோப்பு தேய்ந்து தீர்ந்திருந்தது. நான் மேலே போய், என் அலமாரியிலிருந்து உறை பிரிக்காத ஒரு சோப்பை எடுத்து வந்து கொடுத்தேன். பிரித்து முகர்ந்தாள். அந்த வீட்டுப் பழக்கம் போகாது.

"இதுல வாசமே இல்லையே அத்தான்."

"இல்ல."

மணிக்கட்டிலிருந்து தேய்த்தாள். அத்தை வந்து நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். குவளையை எடுத்துத் தண்ணீர் மொண்டு அவள் கையில் ஊற்றினார். மூன்று புள்ளி இருந்த தன் கையை மட்டும் நனையாமல் தள்ளிப் பிடித்திருந்தார்.

"நல்லாத் தேய்டி. பேனாப் புள்ளி போகல பாரு."

"ஏய், அந்தக் கைய..." மாமா வாசற்படிவரை வந்துவிட்டார்.

அத்தை திரும்பாமலே சொன்னார். "உங்களுக்குந்தான் ரெண்டு கை இருக்கு. போட்டு மோந்துக்குங்க."

அவர் திரும்பிப் போனார். கொஞ்ச நேரத்தில் உள்ளே மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. இடது துளை, வலது துளை, மறுபடி இடது. அது அழுகையா, அடுத்த குப்பிக்கான ஆயத்தமா என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

பல் டாக்டர் சீழ் எடுத்து மாத்திரை கொடுத்தார். சின்னவள் கிளினிக் வாசலிலேயே நின்று, தண்ணீர் இல்லாமல் ஒன்றை விழுங்கினாள். திரும்பி நடக்கும்போது கேட்டாள்.

"அத்தான், அக்கா உண்மையிலேயே கடைசியா என்ன சொன்னா?"

சொன்னேன்.

அவளுடைய கடைசி நாள் மதியம் மாமா ஆஸ்பத்திரிக்கு நான்காவது குப்பியோடு வந்தார். பிடித்த வாசம், தெம்பாக இருக்கும் என்றார். அவளுடைய இடது மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டார். ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பாசம் என்று நர்ஸ் நினைத்திருப்பாள். கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்து முகர்ந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு, தைலக்காரருக்குப் போன் பேச வெளியே போனார். மச்சானும் கூடவே போனான். அத்தை வெந்நீர் வாங்கப் போயிருந்தார். நான் கட்டிலுக்கு வலது பக்கம் உட்கார்ந்திருந்தேன். அவள் இடது கையைப் போர்வையிலிருந்து எடுத்து, இன்னொருவர் கையைத் தள்ளுவதுபோலத் தன்னைவிட்டுத் தள்ளி வைத்தாள். பிறகு பேசினாள். நான் எழுந்து போனேன். கீழே இருந்த கடையில் அவள் கேட்டது இல்லை. பக்கத்துக் கடையிலும் இல்லை. மூன்றாவது கடையில் கிடைத்தது. திரும்பி வந்தபோது நர்ஸ் திரையை இழுத்துவிட்டிருந்தாள்.

கடையைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. யாரையும் கூப்பிடவில்லை. சொன்னது இவ்வளவுதான்:

"இந்தக் கைய நல்லாக் கழுவணும். ஒரு சோப்பு வாங்கிட்டு வாங்க, வாசமில்லாததா பாத்து."